நடுக்குவாதம் கண்ட மருத்துவர்

புதுக்கோட்டை மாவட்டத்துப் பொன்னமராவதியின் கடைத்தெருவில் மாலை வேளையில் நடந்து செல்வோர், கூட்டத்தினிடையே இத்தகைய முதியவர் ஒருவரைக் காணக்கூடும். அவர் உடல் முன்னோக்கி வளைந்திருக்கும். அடிகள் குறுகியிருக்கும், ஆயினும் விரைந்து விழும். ஒரு கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மாத்திரை உருட்டுவனபோல ஓயாது அசைந்துகொண்டிருக்கும். கடைக்காரர் தரும் பொருளை வாங்க அக்கையை நீட்டினால் நடுக்கம் சற்றே அடங்கும். கையை மடியில் வைத்து அமர்ந்தால் மீண்டும் தோன்றும். முதுமையின் இயல்பு என்று எண்ணி நாம் அவரைக் கடந்து சென்றுவிடுவோம்.

இத்தகைய முதியோர் இருநூறு ஆண்டுகட்கு முன் இலண்டன் மாநகரத் தெருக்களிலும் நடமாடினர். அங்கும் பலர் அவர்களைக் கடந்தே சென்றனர். கை நடுக்கம் முன்னோர் அறியாத நோயன்று. கிரேக்க மருத்துவர் காலன் அதனைப் பற்றி எழுதினார். நம் நாட்டு ஆயுர்வேத நூலோர் அதனைக் கம்பவாதம் என்றனர். எனினும், நடுக்கம், கூனல், விரைநடை, மலச்சிக்கல், உறக்கக்கேடு என்று தனித்தனியே காணப்பட்டவற்றை ஒன்றாகத் தொடுத்து, இவையெல்லாம் ஒரே நோயின் பல நிலைகள் என்று முதன்முதலில் தெளிவாக எழுதியவர், இலண்டன் நகரின் ஒரு மூலையில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆவார்.

பார்க்கின்சன் 1755-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 11-ஆம் நாள் இலண்டனின் வடகிழக்குப் புறத்திலுள்ள ஹாக்ஸ்டன் என்னும் பகுதியில் பிறந்தார். அக்காலத்தில் புதுக்கோட்டைச் சீமையைத் தொண்டைமான் மன்னர் ஆண்டுகொண்டிருந்தார். சென்னைக் கோட்டையில் ஆங்கில வணிகர் கால் ஊன்றி வந்தனர். பார்க்கின்சனின் தந்தையாராகிய ஜான் பார்க்கின்சன், மருந்து கலந்து கொடுப்பதோடு நோயும் பார்ப்பவர். மைந்தர் தந்தையிடமே தொழில் பயின்றார். 1776-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவமனையில் ஆறு திங்கள் பயிற்சி பெற்றார். அடுத்த ஆண்டில், உயிர் போய்விட்டது என்று பிறர் கைவிட்ட ஒருவரைத் தந்தையும் மைந்தருமாக முயன்று பிழைக்கச் செய்தனர். 1784-இல் தந்தையார் மறைந்தார். அவ்வாண்டிலேயே பார்க்கின்சன் அறுவை மருத்துவர் என்னும் சான்று பெற்று, தந்தை விட்டுச்சென்ற பணியை மேற்கொண்டார்.

மறு ஆண்டு ஜான் ஹண்டர் என்னும் புகழ்பெற்ற அறுவை மருத்துவரின் சொற்பொழிவுகளைக் கேட்கும் பேறு அவருக்கு வாய்த்தது. ஏட்டில் எழுதியதை அப்படியே நம்பாமல், கண்ணால் கண்டும் கையால் ஆராய்ந்தும் அறியவேண்டும் என்பது ஹண்டரின் கொள்கை. பார்க்கின்சன் சுருக்கெழுத்து அறிந்தவர்; ஆசிரியர் கூறியவற்றையெல்லாம் விடாது எழுதிக்கொண்டார். அக்குறிப்புகளை அவருடைய மைந்தர் 1833-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஆசானிடம் கற்ற கண்ணோட்டம் பிற்காலத்தில் மாணவருக்கு எவ்வாறு உதவியது என்பதைப் பின்னர்க் காண்போம்.

1789-இல் பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. அதன் அனல் இங்கிலாந்திலும் வீசியது. அந்நாட்டில் அப்போது உழைக்கும் மக்களில் மிகப் பெரும்பாலோர்க்கு வாக்குரிமை இல்லை. வாக்குரிமை வேண்டிக் கைவினைஞரும் சிறு வணிகரும் கூடி அமைத்த இலண்டன் தொடர்புச் சங்கத்தில் பார்க்கின்சனும் சேர்ந்தார். முதிய ஹூபர்ட் என்னும் புனைபெயரில் சிறு நூல்கள் எழுதி, வரிச்சுமையையும் ஏழையர் படும் பாட்டையும் எடுத்துரைத்தார். அரசு அஞ்சியது. சங்கத்தாரைச் சிறைப்படுத்தியது. 1794-ஆம் ஆண்டில், மூன்றாம் ஜார்ஜ் மன்னர் நாடகம் காணும்போது, ஊதுகுழல் போன்ற ஒரு கருவியால் நஞ்சு தோய்ந்த அம்பை எய்து அவரைக் கொல்லச் சதி நடந்தது என்று ஒரு வழக்கு எழுந்தது. கேட்பதற்கு நகைப்பை விளைக்கும் குற்றச்சாட்டுத்தான். ஆனால் அக்குற்றத்திற்குரிய தண்டனை மரணம்.

அரசரின் மந்திராலோசனைச் சபை பார்க்கின்சனை அழைத்து வினவியது. தலைமையமைச்சர் வில்லியம் பிட் அச்சபையில் இருந்தார். மனைவியும் மக்களும் உடைய ஓர் எளிய மருத்துவருக்கு அது பெருஞ்சோதனை. தம்மைத் தாமே குற்றவாளியாக்கும் விடையை வற்புறுத்திப் பெறுவதில்லை என்னும் உறுதி கிடைத்த பின்னரே அவர் வாய் திறந்தார். சிறு நூல்கள் தாம் எழுதியவையே என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். வழக்கு நிலைக்கவில்லை, குற்றம் சாட்டப்பட்டோர் இறுதியில் விடுதலை பெற்றனர்.

இதன்பின் அவர் அரசியல் எழுத்தைக் குறைத்துக்கொண்டார். ஏழையர் மீது கொண்ட அன்பு குறையவில்லை. அது வேறு வழியில் சென்றது. மருத்துவரை எளிதில் அடைய இயலாத சிற்றூர் மக்களுக்கென எளிய நடையில் ஒரு மருத்துவ நூலை 1800-ஆம் ஆண்டில் எழுதினார். விபத்தை விளைக்கும் விளையாட்டுகளைப் பற்றிச் சிறுவர்க்கென்றே ஒரு கதைநூல் எழுதினார். ஏழையர் விடுதிகளில் காய்ச்சலுற்றோரையும் நலமுற்றோரையும் ஒரே அறையில் கிடத்துவதைக் கண்டு வருந்தி, காய்ச்சலுக்குத் தனி விடுதிகள் வேண்டும் என்று 1818-இல் வாதாடினார்.

அவருக்கு மற்றொரு பற்றும் இருந்தது. பாறைகளில் புதைந்து கல்லாய்ப் போன பண்டை உயிர்களைத் திரட்டுவதில் அவர் பெருவிருப்பம் கொண்டிருந்தார். அவற்றைப் பற்றி 1804, 1808, 1811 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெருநூல்கள் வெளியிட்டார். 1807-இல் இலண்டன் புவியியல் கழகத்தை நிறுவியோருள் ஒருவரானார். வாழ்நாளில் அவருக்குப் புகழ் தேடித் தந்தவை இந்நூல்களே. இதனை இங்கே விரிக்க வேண்டுவதில்லை.

இனி நாம் காணவேண்டியது 1817-ஆம் ஆண்டு. அப்போது அவருக்கு அகவை 62. அவ்வாண்டில் நடுக்குவாதம் பற்றிய கட்டுரை ஒன்றை அறுபத்தாறு பக்கமுள்ள சிறு நூலாக வெளியிட்டார். அதன் அடிப்படை ஆறு மனிதர்கள். ஆறு பேர் மட்டுமே.

முதலாமவர் ஐம்பது வயதைக் கடந்த தோட்டக்காரர். இடக்கையில் தொடங்கிய நடுக்கத்திற்கு, அக்கையால் சில நாள் கடுமையாக உழைத்ததே காரணம் என்று அவர் நம்பினார். இரண்டாமவரைப் பார்க்கின்சன் தெருவில் தற்செயலாகக் கண்டார், அவர் நீதிபதியின் அலுவலகத்தில் ஏவல் புரிந்து மூத்தவர், வயது 62. மூன்றாமவரும் தெருவில் கண்டவரே. கட்டான உடல் வாய்ந்த அந்த மாலுமி, தாம் ஸ்பெயின் நாட்டுச் சிறையில் ஈரத்தரையில் பல திங்கள் படுத்துக்கிடந்ததால் நோய் வந்தது என்றார். நான்காமவர் வேறொரு கட்டிக்கு மருத்துவம் செய்துகொள்ள வந்தவர்; பின்னர்த் தொலைவிடத்துக்குச் சென்றுவிட்டமையால் அவரைத் தொடர்ந்து பார்க்க இயலவில்லை.

ஐந்தாமவரோடு பார்க்கின்சன் பேசியதே இல்லை. தொலைவிலிருந்து கண்டதோடு சரி. அக்காட்சியை அவர் எழுதியிருக்கும் வகை படிப்போர் நெஞ்சை உருக்குவது. அந்நோயாளியால் நடக்க இயலாது. ஓட மட்டுமே இயலும். பணியாள் ஒருவர் எதிரே நின்று அவருடைய தோள்கள் இரண்டையும் பற்றிக்கொள்வார். நோயாளி முன்னும் பின்னுமாக மெல்ல அசைந்து தம் உடலை நிலைப்படுத்திக்கொள்வார். நிலை வந்ததும் ஓடத் தொடங்குவார். பணியாள் சட்டென விலகி, முன்னே ஓடி, ஏறத்தாழ இருபது அடி வைத்ததும் அவர் கீழே விழாதவாறு தாங்கிக்கொள்வார். வேறு எவரும் சற்று நின்று நோக்கிப் பரிந்துவிட்டுச் சென்றிருப்பர். பார்க்கின்சனோ, முன் கண்டவர்களிடம் சிறிதளவாய்க் கண்ட விரைநடையே இவரிடம் முற்றியிருக்கிறது என்பதை உணர்ந்தார்.

ஆறாமவர் 72 வயது முதியவர். அவருக்கு இடையில் பக்கவாதம் கண்டு வலப்புறக் கையும் காலும் செயலிழந்தன. வியப்பு என்னவெனில், செயலிழந்த உறுப்புகளில் நடுக்கமும் நின்றுவிட்டது. இரண்டு வாரம் கழித்து அவ்வுறுப்புகளுக்கு வலிமை மீண்டபோது நடுக்கமும் உடன் மீண்டது.

இந்த ஆறு பேரைக் கொண்டு பார்க்கின்சன் கண்ட உண்மைகள் பல. இந்நோயின் நடுக்கம் உறுப்பு ஓய்ந்திருக்கும்போது தோன்றுவது. ஆதலின் வேலை செய்யும்போது தோன்றும் பிற நடுக்கங்களினின்றும் வேறானது. அது ஒரு கையில் தொடங்கிப் பல ஆண்டுகளில் மெல்ல மெல்லப் பரவுவது. உறக்கம் கெடும்; உமிழ்நீர் வழியும்; குடல் சோம்பும். இவையனைத்தையும் அவர் வரிசையாக எழுதினார். நோயின் இருப்பிடத்தைக் கூறுமிடத்து அவர் தவறினார். கழுத்தை அடுத்த தண்டுவடமே அது என்று கருதினார். ஆயினும் இறந்தோர் உடலை ஆராய்ந்து கண்ட முடிவன்று அது என்பதை மறைக்காமல் சொல்லி, உடலாய்வு வல்லோர் இதனை ஆராய்ந்து மெய் காணவேண்டும் என்று வேண்டிக்கொண்டார். அவருடைய நூலின் பெருமை பெரிதும் இவ்வேண்டுகோளிலேயே அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

1823-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அரச அறுவை மருத்துவர் கல்லூரி, கல்லாய்ப் போன உயிர்கள் பற்றிய ஆராய்ச்சிக்காக அவருக்குப் பொற்பதக்கம் அளித்தது. மறு ஆண்டு பக்கவாதத்தால் பேச்சிழந்து, 1824 டிசம்பர் 21-ஆம் நாள் பார்க்கின்சன் காலமானார். நடுக்குவாத நூலை அப்போது நினைத்தவர் சிலரே. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னர், பாரிஸ் நகரத்துப் பெரு மருத்துவராகிய ஷார்கோ அந்நூலின் அருமையை உணர்ந்து, நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரையே சூட்டினார். இந்நோயில் தசைகள் விறைத்துப்போவதையும் ஷார்கோ எடுத்துக்காட்டினார். அது பார்க்கின்சன் தெளிவாகக் காணாத ஒன்று.

பார்க்கின்சன் விடுத்த வேண்டுகோளுக்கு விடை சிறிது சிறிதாகவே வந்தது. 1912-இல் லூயி என்னும் ஜெர்மானிய அறிஞர், இந்நோயால் இறந்தோரின் மூளை அணுக்களுள் உருண்டையான சில திரள்களைக் கண்டார். 1919-இல் டிரெட்டியாக்காஃப் என்பார், நடுமூளையில் கருநிறங்கொண்ட ஒரு சிறு பகுதி இந்நோயாளிகளிடம் நலிந்திருப்பதைக் காட்டினார். 1960-இல் வியன்னா நகரத்து ஹோர்னிகீவிச், அப்பகுதியின் அணுக்கள் சுரக்கும் டோப்பமின் என்னும் பொருள் நோயாளிகளின் மூளையில் மிகக் குறைந்திருப்பதை நிறுவினார். அதன்பின், உடலில் டோப்பமினாக மாறவல்ல லெவோடோப்பா என்னும் மருந்து வழக்குக்கு வந்தது. கட்டிலில் கட்டைபோலக் கிடந்தோர் எழுந்து நடந்தனர்.

இவ்விடத்தில் தமிழ்நாட்டின் பங்கு ஒன்றுண்டு. வேலிகளில் படரும் பூனைக்காலிக் கொடியை நம் சிற்றூர்ச் சிறுவர் நன்கறிவர். அதன் காயிலுள்ள சுணை மேலே பட்டால் தாங்கவொண்ணாத அரிப்பு உண்டாகும். அதன் விதை நாட்டு மருந்துக் கடைகளில் கிடைப்பது. 1937-ஆம் ஆண்டில், சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் அவ்விதையிலிருந்து இதே லெவோடோப்பாவைப் பிரித்தெடுத்தனர். நடுக்குவாத நோயாளியின் மூளையில் குறைவது எது என்று உலகம் அறிவதற்கு 23 ஆண்டுகட்கு முன் நிகழ்ந்தது இது. இதனைப் படித்துவிட்டு எவரும் மருத்துவரைக் கேளாமல் அவ்விதையை உண்ண முற்படுதல் தகாது. அளவு மிகுந்தால் தீங்கு விளையும்.

டோப்பமின் குறைவது ஏன்? அதனைச் சுரக்கும் அணுக்கள் அழிவது ஏன்? இவ்வினாவுக்கு விடை தேடியவர்கள் சென்று சேர்ந்த இடம் நரம்பணுவின் நுனியாகும்.

ஒரு நரம்பணு மற்றொன்றைத் தொடுவதில்லை. இரண்டிற்கும் நடுவே நுண்ணிய இடைவெளி உண்டு. செய்தியைக் கடத்தவேண்டிய பொருள், அணுவின் நுனியில் மிகச் சிறு பைகளில் நிரம்பியிருக்கும். ஒரு மில்லிமீட்டரை இருபதாயிரம் கூறிட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவே அத்தகைய நுண்பையின் குறுக்களவு. மின்துடிப்பு வந்ததும் நுண்பைகளிற் சில, அணுவின் சுவரோடு ஒட்டிப் பிளந்து, உள்ளிருப்பதை இடைவெளியில் கொட்டும். எல்லாப் பைகளும் ஒருங்கே கொட்டினாலும் கேடு. வேளைக்குக் கொட்டாவிட்டாலும் கேடு. ஏரி மடையைத் திறந்து, வயலுக்கு வேண்டுமளவு நீர்விட்டு, மீண்டும் அடைப்பவர் ஒருவர் வேண்டுமன்றோ? அத்தகைய பணியில் துணைநிற்கும் புரதங்களுள் ஒன்று ஆல்பா சைனுக்ளின். அது 140 அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு சிறு சரடு. நுண்பைகளை நுனியருகே கூட்டி வைக்கிறது. பையையும் சுவரையும் பிணிக்கும் வேறு புரதங்கள் கயிறுபோல் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளத் துணைசெய்கிறது. அளவுக்கு மிஞ்சினால் அதுவே மடையை அடைத்து, வெளிப்பாட்டைக் குறைத்துவிடுகிறது.

இக்குடும்பத்துப் புரதத்தை 1988-இல் அமெரிக்க அறிஞர்கள் கண்டது மனித மூளையிலன்று. மின்சாரம் பாய்ச்சும் ஒருவகைத் திருக்கை மீனில். அதற்கும் நடுக்குவாதத்திற்கும் தொடர்புண்டு என்று அப்போது எவரும் எண்ணவில்லை. 1997-ஆம் ஆண்டில் திரை விலகியது. இத்தாலியில் வேர்கொண்ட ஒரு பெருங்குடும்பத்திலும் கிரேக்க நாட்டுக் குடும்பங்கள் சிலவற்றிலும் இந்நோய் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருந்தது. அவர்களிடம் ஆல்பா சைனுக்ளின் சரட்டின் 53-ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பது கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் வேறு அறிஞர்கள், 1912-இல் லூயி கண்ட திரள்கள் பெரிதும் இப்புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டவையே என்று காட்டினர். 2003-இல் மேலும் ஒரு செய்தி வெளியாயிற்று: ஒரு குடும்பத்தில் இப்புரதத்தின் மரபணு, மாறுதல் ஏதுமின்றி, எண்ணிக்கையில் மட்டும் மிகுந்திருந்தது, அவர்களும் இந்நோய்க்கு ஆளாகியிருந்தனர். ஆகவே, புரதம் பழுதுபட்டால் மட்டுமன்றி, மிகுந்தாலும் நோய் வரும் என்பது தெளிவாயிற்று. எனினும் நோயாளிகளிற் பெரும்பாலோர்க்கு இந்நோய் குடிவழியாக வருவதன்று. அவர்கள் மூளையிலும் இதே புரதம் திரண்டிருக்கிறது.

பலரிடம் இத்திரள்கள் மூளையில் மட்டுமன்றிக் குடலைச் சூழ்ந்த நரம்புகளிலும் காணப்படுகின்றன. கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டு முன்னரே சிலர்க்கு மலச்சிக்கல் தோன்றுவதற்கு இது காரணமாகலாம் என்று அறிஞர் கருதுகின்றனர். குடலின் சோம்பலை நடுக்கத்தோடு சேர்த்து 1817-இல் பார்க்கின்சன் எழுதி வைத்தார்; நுண்பெருக்கியும் மரபணு நூலும் அவருக்குத் துணையாய் இருந்தவையல்ல. அறிவும் புலன்களும் இந்நோயில் கெடுவதில்லை என்று அவர் எழுதியது மட்டும் எல்லோர்க்கும் பொருந்தவில்லை. மணம் அறியும் ஆற்றல் பலர்க்கு முன்னதாகவே குன்றுகிறது. சிலர்க்கு நாளடைவில் நினைவாற்றலும் குன்றுகிறது.

2019-ஆம் ஆண்டில் உலகில் 85 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நோயுற்றிருந்தனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டது. லெவோடோப்பா இன்றும் அவர்களுக்கு முதன்மையான மருந்து. அது குறைந்துபோன பொருளை ஈடுசெய்கிறதேயன்றி, அணுக்கள் அழிவதைத் தடுப்பதில்லை. ஆல்பா சைனுக்ளின் திரளாதவாறு தடுக்கும் மருந்துகளைப் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் இன்று தேடி வருகின்றன. பார்க்கின்சன் பிறந்த ஏப்ரல் 11-ஆம் நாளை உலகோர் நடுக்குவாத விழிப்புணர்வு நாளாகக் கொண்டாடுகின்றனர்.

அந்நாளில் செய்தித்தாள்களிலும் நூல்களிலும் தாடி வைத்த ஒருவரின் நிழற்படம் பார்க்கின்சனின் பெயரோடு வெளிவருவதுண்டு. அது அவர் படமன்று. அதே பெயருடைய வேறொருவரின் படம். நிழற்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-ஆம் ஆண்டில். பார்க்கின்சன் மறைந்து அப்போது 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. தெருவில் செல்வோரின் தோற்றத்தை அத்துணை நுணுக்கமாக எழுதி வைத்த அம்மருத்துவருடைய தோற்றத்தைக் காட்ட, உறுதியான ஓவியம் ஒன்றேனும் நமக்குக் கிடைக்கவில்லை.